புழுதியின் பங்கு

நாரினில் எங்கள் ஒளிபரப்பு நிலையம்
ரொட்டிக் கடைக்கு மேலே ஒற்றை அறை.
ஒரு கணினி, ஒரு மின்கணப்பு,
கோப்புகளை ஏற்றிவிட ஒரு மெலிந்த இணைய வடம்.
கோக்-போரு ஆட்டம் நான்கு மணிக்கு முடிந்தது.
எட்டு மணிக்கு ஊர் பார்த்தாக வேண்டும்.

நொடிக்கு இரண்டு மெகாபிட்,
மாறா விகிதம், ஒரே சுற்று என்று குறித்தேன்.
இரண்டு சுற்று என்றால்
முதல் தடவை முழு ஆட்டத்தையும் பார்த்துவிட்டு
எங்கே செலவழிக்கலாம் என்று அது யோசிக்கும்.
யோசிக்க நேரமில்லை.
பொத்தானை அழுத்திவிட்டுத் தேநீர் போட்டேன்.

மாறா விகிதம் என்பது
பந்தியில் எல்லோருக்கும் ஒரே கரண்டி.
பசித்தவன் தட்டிலும் அதுதான்,
ஏப்பம் விட்டவன் தட்டிலும் அதுதான்.

மாவட்டத் தலைவர் பதினொரு நிமிடம் பேசினார்.
நட்டுவைத்த தூணாக நின்றார்.
பின்னால் மலை,
அதுவும் அசையவில்லை.
முந்தைய சட்டகத்தில் இருந்ததே அடுத்ததிலும்.
செலவாக வழியில்லாத பிட்டுகள்
அவர் மீசையில் போய் உட்கார்ந்துகொண்டன.
மயிருக்கு மயிர் தெளிவு:
நரைத்தது எது, சாயம் விட்டுப்போனது எது.

பிறகு குதிரைகள்.
எட்டுக் குதிரை, முப்பத்திரண்டு குளம்பு,
மழை மறந்த செப்டம்பர் மண்.
புழுதி இந்த நொடி இருந்ததுபோல்
அடுத்த நொடி இருப்பதில்லை.
பழையதை நகர்த்தி ஒட்ட முடியாது,
ஊகித்து ஒப்பேற்ற முடியாது,
ஒவ்வொரு துகளையும் புதிதாக எழுத வேண்டும்.
எழுத மை இல்லை.

கடைசி நிமிடம்.
சுயூன்பெக் ஆட்டுடலைத் தொடைக்கடியில் இடுக்கி
தாய்கசான் தொட்டியை நோக்கிப் பாய்கிறான்,
எறிகிறான்,
குதிரை சரிகிறது,
திரையில்
பதினான்கு பழுப்புச் சதுரங்கள்.

ஒன்பது மணிக்கு அக்-புலுன்காரர்கள் போன் செய்தார்கள்:
உள்ளேதான் விழுந்தது, பளிச்சென்று தெரிகிறதே.
ஒன்பதே காலுக்குக் காரா-ஜல்காரர்கள்:
வெளியேதான் விழுந்தது, பளிச்சென்று தெரிகிறதே.
அதே பதினான்கு சதுரம்.
மூலப் பதிவு இருந்த அட்டையை
ஆறு மணிக்கே அழித்து
ஒரு கல்யாணத்துக்குக் கொடுத்திருந்தேன்.
இந்நேரம் அந்தத் தொட்டியின் மேல்
ஒரு மணப்பெண் ஆடிக்கொண்டிருப்பாள்.

புதன்கிழமை சுயூன்பெக் வந்தான்,
கழுத்துத் துணியில் தொங்கும் கையோடு.
புள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.
"நான் கடிவாளத்தை இழுத்ததால் அது விழுந்ததா,
அது விழுந்ததால் நான் இழுத்தேனா?"

சட்டகம் சட்டகமாக நகர்த்தினேன்.
எட்டாவது சதுரம் கடிவாளமாக இருக்கலாம்.
"என் கையாக இருக்குமோ?"
கையாகவும் இருக்கலாம்.
சட்டைக் கையால் திரையைத் துடைத்துவிட்டுப்
பார்த்தான்.
மறுபடியும் துடைத்தான்.
குதிரையின் பெயரைக் கேட்டேன்,
சொல்லாமல் படியிறங்கினான்.
கீழே ரொட்டி வெந்துகொண்டிருந்தது.

அடுத்த ஆட்டத்துக்கு மாறும் விகிதம்,
இரண்டு சுற்று.
சராசரி அதே இரண்டுதான், எனக்கேது கூடுதல்.
உச்சவரம்பு ஆறு என்றால் வடம் திணறும்,
ஐந்தில் நிறுத்தினேன்.
பேச்சுக்குக் கிள்ளி, புழுதிக்கு அள்ளி.
ஏறி முடிய இரவு பத்தரை.
பாதி ஊர் தூங்கிவிட்டது.

தூங்காத ஒருவர் தலைவர்.
மீசை ஏன் தார் பூசினாற்போல் இருக்கிறது என்றார்.
காற்று அப்படி ஐயா, என்றேன்.

கணப்பை அணைக்குமுன் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன்.
குளம்பு, லாடம், லாடத்தின் ஆணி,
வாரில் முடிச்சு, விரல் இடுக்கில் வியர்வை,
எதிர்வெயிலில் ஒவ்வொரு துகளும் தன் நிழலோடு.

அந்த ஆட்டத்தில்
குதிரை எதுவும் விழவில்லை.