மூச்சை விடுங்கோ

பம்பலப்பிட்டி, மூன்றாம் மாடி.
முகம் புதைக்கக் கட்டிலில் ஒரு துளை.
துளைக்குக் கீழே
டொக்டர் ருஸ்னாவின் நீலச் சப்பாத்து.

"எவ்வளவு காலமா நோ?"
ஒன்பது வருஷம்.
புறக்கோட்டைச் சாறிக் கடையில்
கணக்குக்குக் குனிந்த கழுத்து.
லோன் எடுத்த கதையைச் சொல்லவில்லை.

பெருவிரல் கணுக் கணுவாய் இறங்கியது,
கொண்டக்டர் சில்லறை எண்ணுவதுபோல.
ஒன்றில் நின்றது.
"இதுதான். அசையுதில்லை."

மூச்சை விட்டேன்.
சடக்.
கடலோர ரயில்
தண்டவாளம் மாறுதாக்கும் என்று நினைத்தேன்.

முழுச் சுகமில்லை.
இன்னும் நாலு தரம் வரட்டாம்,
தலையணையையும் மாற்றட்டாம்.

காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்க
பின்னால் யாரோ கூப்பிட்டார்கள்.
உடம்போடு திரும்பிப் பழகியவன்
தலையை மட்டும் திருப்பினேன்.

என்னையில்லை.
இருந்தும்
இன்னொருக்காத் திரும்பினேன்.