தூங்காபி

யார் வைத்த பெயரோ,
தமிழ்க் காதுகளை நினைக்காமல் வைத்தது.
ரயில் அறிவிப்பில் முதல்முறை கேட்டபோது
தனியாகச் சிரித்தேன்:
தூங்கா-பி.
ஒன்பது வருடமாக இந்த ஊரில்
இரவில் தூங்காமல் இருக்கிறேன்.

தருக் மக்களின் சொல்லாம்.
நீரருகே என்று பொருளாம்.
அது பிறகுதான் தெரிந்தது.

மருத்துவமனைப் போர்வைகளை வெளுக்கும் ஆலையில்
எனக்கு இரவு ஷிப்ட்.
சேந்தனுக்கு ஈஸ்டர்ன் கிரீக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட், பகல்.
கார் ஒன்று.
ஐந்து ஐம்பதுக்கு நான் வருவேன்.
ஆறு ஒன்றுக்கு அவன் கிளம்பியாக வேண்டும்.
பதினோரு நிமிடக் குடும்பம்.

அதற்குள்
கரண்ட் பில், அவன் தம்பிக்கு அனுப்பிய பணம்,
கடைசியாக யார் பெட்ரோல் போட்டது,
எல்லாவற்றுக்கும் சண்டை போட்டு முடித்துவிடுவோம்.
நேரம் மிச்சமாவதும் உண்டு.

ஒரு நாள் நிலனின் அறைக் கதவு
சத்தமே இல்லாமல் சாத்திக்கொண்டது.
பதினைந்து வயதுக் கதவு.
அறைந்து சாத்தியிருந்தால் தாங்கியிருப்போம்.

மறுநாள் முதல் சண்டையை வெளியே வைத்துக்கொண்டோம்.
தெரு முடிகிற இடத்தில்
ஓடையைக் கடக்கும் நடைபாலம்.
நான் காரை நிறுத்தி இறங்க,
அவன் சாப்பாட்டுப் பையோடு நடந்து வர,
அங்கே நின்று போட்டுக்கொள்வதாக ஏற்பாடு.

அவன்தான் ஆரம்பித்தான்.
"நீ எப்பவுமே..."
அதோடு நிறுத்திவிட்டான்.

கீழே ஓடையில்
கவிழ்ந்து கிடந்த சூப்பர் மார்க்கெட் ட்ராலியின்மேல்
ஒரு சாம்பல் கொக்கு.
எங்களைப் பார்க்கவில்லை.
அதன் வேலையை அது பார்த்துக்கொண்டிருந்தது,
முதலாளி இல்லாத ஒருவர் பார்ப்பதைப்போல.

எப்பவுமே என்ன என்று கேட்கத்தான் வாயெடுத்தேன்.
கழுத்து நீண்டது.
விலாங்குக் குஞ்சு ஒன்று அலகில் நெளிந்து, உள்ளே போய்,
தொண்டையில் ஒரு மேடு
மெல்ல மெல்ல இறங்கியது.
இறங்கி முடியும்வரை நின்றோம்.
சாவியைக் கொடுத்தேன்.
அந்த வாக்கியத்தை அவன் இன்றுவரை முடிக்கவில்லை.

வைகறை, நீர்க்கரை, ஊடல்
மூன்றும் ஒரே திணை என்று
பள்ளியில் இரண்டு மதிப்பெண்ணுக்குப் படித்தது.
கருப்பொருளில் ட்ராலி வராது.
எழுதியிருந்தால் சிவப்பு மையால் அடித்திருப்பார்கள்.

அவன் போனபின் சற்று நிற்பேன்.
உலகம் பல் தேய்க்கிற நேரம்
எனக்குப் பொழுது சாய்கிறது.
யூக்கலிப்டஸ் உச்சியில் வெளிச்சம் ஒட்டும்.
கையில் இன்னும் பிளீச் வாசம்.
எங்கோ ஒரு மாக்பை,
சீவாளியை நனைத்துப் பார்க்கும் நாதஸ்வரக்காரர்போல
இரண்டு மூன்று சுரம் விட்டுப் பார்க்கும்,
கச்சேரி தொடங்காமலே பறந்துவிடும்.
செப்டம்பரில் அதுவே தலையைக் கொத்த வரும்.
டிபன் மூடியைக் குடையாகப் பிடித்துக்கொண்டு
ஓடியிருக்கிறேன், இந்த வயதில்.

சண்டை நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன்.
ஜூன் மாதம் இன்சூரன்ஸ் வந்தபோது
பாலமே அதிர்ந்தது.
அன்று கொக்கு வரவில்லை.
வந்திருந்தாலும்
அது எங்களுக்குப் பஞ்சாயத்து செய்ய வருவதில்லை.

ஞாயிறு ஒரு நாள்தான்
இருவருக்கும் ஒரே மாலை.
அவ்வளவு நேரத்தை என்ன செய்வதென்று தெரியாமல்
பழக்கத்தில் பாலத்துக்கே நடந்தோம்.
நிலனும் பின்னால் வந்தான், காதில் எதையோ மாட்டிக்கொண்டு.
ரயில்பாதைக்கு அப்பால்
சூரியன் எந்த அவசரமும் இல்லாமல் இறங்கியது.
எனக்கு அது விடியல்.

"இங்கதான் சண்டை போடுவீங்களா?" என்றான்,
காதிலிருந்து ஒன்றைக் கழற்றி.

சேந்தன் என்னைப் பார்த்தான்.
"போடலாம்னுதான் வந்தோம்."

போன வார மழை ட்ராலியைக் கொண்டுபோயிருந்தது.
வௌவால்கள் பரமட்டா பக்கமிருந்து வரத் தொடங்கின,
ஒவ்வொன்றாக, பிறகு எண்ண முடியாமல்.
நிலன் எண்ணினான்.
நூற்றுப் பதினான்கில் விட்டுவிட்டு
மற்றொரு காதையும் கழற்றினான்.

எட்டரைக்கு எனக்கு ஷிப்ட்.
யாரும் சொல்லவில்லை.