வர்றதுல கழி

எடைமேடைக் கூண்டில் இரவு வேலை.
பகாவுக்கு வெளியே,
ஆலைப் புகை சட்டையிலேயே குடியிருக்கும் ஊர்.
ஒரு லோரிக்கும் அடுத்த லோரிக்கும் நடுவே
சில நாள் நாற்பது நிமிடம்,
சில நாள் நான்கு.
அந்த இடுக்கில்
ஒரு மொழி செய்துகொண்டிருந்தேன்.

பெரிய மொழியில்லை.
கூட்டு, கழி, பெருக்கு, வகு.
அவ்வளவுதான் அதற்கு வினைச்சொல்.
மூன்று வருடமாக நிரல் எழுதுகிறேன்.
எழுதியதை உள்ளே உட்கார்ந்து
யார் வாசிக்கிறார் என்று கேட்டதேயில்லை.
அந்த வாசகரையே செய்து பார்த்தால் என்ன?

முதலில் எழுத்துக்கூட்டப் பழக்கினேன்.
1 வருகிறது, பின்னால் 8.
ஒன்றும் எட்டுமா, பதினெட்டா?
அவசரப்படாதே,
அடுத்ததை எட்டிப் பார்த்துவிட்டுச் சொல் என்றேன்.

பெயர் வைக்கப் போனபோதுதான் வம்பு.
குலை = 18800 என்று தட்டினேன்.
க-வை எடுத்துக்கொண்டு
உகரக் கொக்கியை வெளியே தள்ளியது.
அது எழுத்தே இல்லையாம்.
தமிழ்ப்பள்ளி ஒன்றாம் வகுப்பில்
உயிர்மெய் பிரிக்கத் தெரியாமல்
முட்டிபோட்டவள் நான்.
இதுவோ கேட்காமலே பிரித்து
உயிரைத் தரையில் போட்டுவிட்டது.
பொறுக்கிச் சேர்க்க இரண்டு இரவு.

−5 என்றால் திணறியது.
எதிலிருந்து கழிக்க?
எதிலிருந்தும் இல்லையடா,
சில எண்கள் கடனோடே பிறக்கும்.

அப்புறம் அடைப்புக்குறி. அதற்குள் இன்னொன்று.
ஒரு செயற்கூறு தன்னையே கூப்பிட்டது,
கூப்பிட்டு வந்தது தன்னையே கூப்பிட்டது.
திரும்பும் வழியை
நான் எழுத மறந்திருந்தேன்.
மேடேறும் லோரிபோல்
மடிக்கணினி விசிறி முனகி முனகி
நின்றது.
வெளியே அஸ்மான் ஹாரன் அடித்தான்,
சீட்டுக்காக.

எல்லாம் சரியென்று நினைத்த வாரம்
ஒரு நிஜக் கணக்கைக் கொடுத்தேன்.
மொத்தம் 18800, லோரி 7200,
பழுக்காத குலைக்குத் தள்ளுபடி 200.
18800 − 7200 − 200.
11800 என்றது.
நானூறு கிலோ கூடுதல்.
எந்த மரத்திலும் காய்க்காத செம்பனை
என் மேசைமேல் கிடந்தது.

வரிவரியாய்த் தேடினேன்.
ஒவ்வொரு வரியும் யோக்கியம்.
வாலிலிருந்து சேர்க்கிறது என்று புரிந்தது:
ஏழாயிரத்து இருநூறில் இருநூறைக் கழித்துவிட்டு
மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு
தலைக்கு வருகிறது.
புரிந்தது; திருத்தத்தான் தெரியவில்லை.

குணாளன் சன்னலில் சாய்ந்து
சீட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.
அவர் கையில் கால்குலேட்டர் இருந்ததில்லை.
"பதினெட்டாயிரத்து எண்ணூறுல
ஏழாயிரத்து இருநூறு கழி.
வர்றதுல
எரநூறு கழி.
பதினோராயிரத்து நானூறு.
சரி தமயந்தி, வரட்டா?"

போய்விட்டார்.
பின்விளக்கு வளைவில் மறைகிறவரை
நான் அந்த ஒரு சொல்லிலேயே நின்றேன்.
வர்றதுல.
இதுவரை வந்ததை ஒரு கையில் பிடித்துக்கொள்,
அடுத்த எண் வரட்டும்,
வினை கடைசியில் விழட்டும்.
பிறந்ததிலிருந்து நான் பேசுவதே இப்படித்தானே!
தன்னைத் தானே கூப்பிடும் ஒன்பது வரியை அழித்து
ஒரு சுழல் எழுதினேன், நான்கு வரி.
மாறிக்குப் பெயர்: வந்தது.
11400.

யாரிடமும் சொல்லவில்லை.
சொன்னாலும், கால்குலேட்டர்தான்
கைத்தொலைபேசியிலேயே இருக்கே என்பார்கள்.
உண்மைதான், இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை விடாத மழை.
தோட்டத்துப் பாதை முழுக்கத் தண்ணீர்.
விடியும்வரை ஒரு லோரியும் வரவில்லை.
சும்மா இருக்காமல் கேட்டேன்:
இன்றைய எடை ÷ லோரிகள்.
பூச்சியத்தைப் பூச்சியத்தால்.
உள்ளிருந்து சிவப்பில் பத்து வரி அலறியது,
எந்த மொழி என்றே தெரியாத அலறல்.

அந்த இடத்தை மறித்து
அது சொல்ல வேண்டியதை நானே எழுதினேன்:
வகுக்க லோரி இல்லை.
மறுபடி கேட்டேன். அமைதியாகச் சொன்னது.
இன்னொரு முறையும் கேட்டேன்,
சொல்வதைப் பார்க்கத்தான்.

ஆறரைக்குக் கூண்டைப் பூட்டிவிட்டு
மோட்டாரைத் தள்ளிக்கொண்டே
முட்டிவரை நனைந்து
பசியாறப் போனேன்.