க்ரோவா

வேலி இழுக்கும்போது அறுந்து தெறித்த கம்பி.
உள்ளங்கையில் ஒன்பது தையல்.
தோர்கில்ஸ் கையை விரித்து நீட்டியிருக்கிறார்,
யாருடையதோ போல.
ஹல்பெரா பஞ்சை எடுத்து, குனிந்து பார்த்து
ஒரே சொல்லில் முடிக்கிறாள்:
"க்ரைர்."
அடுத்த நாற்காலியில் நான்,
மீன் தொழிற்சாலைக் கத்தி பதம் பார்த்த கட்டைவிரலோடு.

ஆறுகிறது என்கிறாள் என எடுத்துக்கொண்டேன்.
சரிதான். ஆனால்
வண்டி நிறுத்துமிடத்தின் ஓரத்தில்
சரளையைப் பிளந்து வந்திருந்த புல்லுக்கும்
அவள் அதே சொல்லைத்தான் சொன்னாள்.
தையல் மூடிய கையும் க்ரோவித்,
பச்சை மூடிய மலையும் க்ரோவித்.
வேர்ச்சொல் க்ரோவா. முளை, வளர், குணமாகு.

என் மொழியில் புண் ஆறும்.
பால் ஆறுவதுபோல, கோபம் ஆறுவதுபோல,
சூடு இறங்கினால் எங்களுக்கு அது போதும்.
இவர்களுக்குப் போதாது.
தோல் இங்கே மேய்ச்சல் நிலம்;
விளிம்பிலிருந்து புல் உள்ளே நகர்ந்து வர வேண்டும்.

குட்டி பிறந்ததும் காதை வெட்டுகிறார்கள் இந்த ஊரில்.
வலக்காதில் முனை துண்டு,
இடக்காதின் பின்புறம் ஒரு பிறை:
அது தோர்கில்ஸ் வீட்டுக் குறி.
வெட்டு மூடினால்தான் அது எழுத்து. அதுவரை ரத்தம்.
கோடை முழுக்க ஆடுகள் மலைமேல்
தழும்பில் ஒரு பெயரைச் சுமந்தபடி மேயும்.

பதினோரு ஆண்டுக்கு முன், செப்டம்பரில்,
ஆடு பிரிக்கும் பட்டியில்
ஒரு காது தப்பாக முளைத்து வந்தது.
முள்கம்பி கிழித்த இடம் மூடி, மூடி,
பக்கத்துப் பண்ணை எய்விந்துரின் குறியாகவே ஆகியிருந்தது.
என் ஆடு என்றார் ஒருவர்.
படிக்கத் தெரியாதா என்றார் மற்றவர்.
அப்பா காலத்துக் கடன், நகர்ந்துபோன வேலி,
அழைக்காமல் விட்ட ஒரு கல்யாணம்,
எல்லாம் பட்டிக்குள் இறங்கிவிட்டன.
ஆடு அந்தக் குளிரிலேயே செத்தது.
பேச்சு அதற்கும் முன்னாலேயே.

அவர்களைப் பற்றி ஊர் சொல்வது இப்படி:
முழுசாய் முளைக்கவில்லை.
'முழுசாய்' என்ற அந்தச் சொல்
'இல்லை'யின் கையைப் பிடிக்காமல்
வெளியே வந்து தான் பார்த்ததில்லை என்கிறாள் ஹல்பெரா.
முப்பது வருடமாய்க் கட்டுப் போடுகிறவள்.

மே மாதம். நூற்று நாற்பது குட்டிகள்.
கத்தி பிடிக்கக் கை இல்லை தோர்கில்ஸுக்கு.
விடிகாலை ஐந்துக்கு எய்விந்துர் வந்தாராம்.
வணக்கம் இல்லை, தொப்பியைக் கழற்றவும் இல்லை.
ஒருவர் முழங்காலில் குட்டியை இடுக்கிக்கொள்ள
மற்றவர் வெட்டினார்.
வலக்காது, முனை. இடக்காது, பிறை.
நூற்று நாற்பது முறை
அடுத்தவன் பெயரைப் பிழையில்லாமல் எழுதிவிட்டு
காப்பி குடிக்காமல் போனார்.

ஜூனில் கட்டை அவிழ்த்தபோது ஹல்பெரா கேட்டாள்,
கையைப் பார்த்தபடி, கையை மட்டும் கேட்காமல்:
"முழுசாயா?"

அவர் விரல்களை மடக்கிப் பார்த்தார்.
சுண்டுவிரல் வரவில்லை.
ஜன்னலுக்கு அப்பால் எரிமலைக் குழம்பு உறைந்த கருமேடு.
அது முதலில் ஆறியிருக்க வேண்டும்;
அதற்கு என் சொல் சரி.
பிறகுதான் பாசி; அங்கே இவர்கள் சொல்.
நடுவில் கிடந்த குளிர்காலங்களுக்கு
எந்தப் பக்கமும் சொல் இல்லை.

"க்ரைர்," என்றார், நிகழ்காலத்தில்.
கோட்டை இடக்கையால் மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

என் கட்டைவிரல் அரித்தது.
நல்லது, சொறியாதே
என்றாள் ஹல்பெரா, திரும்பிப் பார்க்காமலே.