கூவிளம்

ஒரு நெடில். இரண்டு குறில்.
மேசைக்கடியில் பக்கம் திறந்து கிடக்கும் பெட்டி
மூன்றாம் முறையாகச் சொல்கிறது.
திரையில் ஒன்றுமில்லை.
நேர், நிரை; கூவிளம் என்று
வாய் தானாக அலகிடுகிறது.
பதினேழு வருடம் துணைப்பாட வகுப்பெடுத்த வாய்.

பல்லி சொல்லுக்குப் பலன் பார்ப்பதுபோல்
கைப்பேசியில் பட்டியலைத் தேடினேன்.
ஒரு நெடில், இரண்டு குறில் என்றால்
கிராஃபிக்ஸ் கார்டில் கோளாறாம்.
அப்படியானால் ஷாருல்?

மாலையில் மார்சிலிங் நிலையத்தில்
நுழைவாயில் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றபடியே,
வெளியே வந்தால் காசு கழியுமே என்று,
குமிழி உறையில் சுற்றியதை நீட்டினான்.
எண்பத்தைந்து வெள்ளி.
"பாகுஸ் லா, கக்."
பொய் சொல்லும் முகமில்லை.
பொய் சொல்லும் முகம் எப்படியிருக்கும் என்பதும்
எனக்குச் சரியாகத் தெரியாது.

ரேம் இரண்டையும் கழற்றினேன்.
பொன்முலாம் பூசிய பல்வரிசை
இந்த ஊர் ஈரக்காற்றில் கறுத்திருந்தது.
அகரன் விட்டுப்போன ரப்பரால் தேய்த்தேன்.
அவன் ஒற்றுப்பிழைகளை அழித்த அதே ரப்பர்,
பாதி தேய்ந்தது, மீதி கடித்தது.
மின்வழங்கியின் ஓரத்தில் பல்லிமுட்டை ஓடு ஒன்று.
குடியிருந்தவர் சொல்லாமல் காலி செய்திருக்கிறார்.
செயலியின் தலையில் பதினைந்து வருடக் களிம்பு
விபூதியாய் உதிர்ந்தது.
சிம் லிம்மில் எப்போதோ வாங்கிய குழாயில்
ஓர் அரிசியளவு மிச்சம். போதும்.
காசளவு பேட்டரியை எடுத்துவிட்டு
மாவு நிறுக்கும் தராசிலிருந்து ஒன்றைக் கடன் வாங்கினேன்.
நாளைய புட்டு கண்ணளவுதான்.

பொத்தான்.
கூவிளம்.

தண்ணீர் குடிக்க வந்த சற்குணன்
திருகாணியை மிதித்து, ஒற்றைக்காலில் நின்று,
"தவணையில புதுசு ஒண்ணு எடுத்தா என்ன?" என்றார்.
"கட்டினது நான்" என்றேன்.
அது பதிலில்லை என்பது
அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
படுக்கப் போய்விட்டார்.

ஒன்று நாற்பதுக்கு ஷாருலுக்கு ஒரு வரி அனுப்பினேன்.
கொஞ்சம் காரமாக.

தளை தட்டினால் ஒரு சீரை மட்டும் மாற்று,
அடியையே பிரித்துப் போடாதே;
பிள்ளைகளுக்கு ஓயாமல் சொல்வது.
என்னைச் சுற்றித் தரையெல்லாம் சீர்கள்.

எல்லாவற்றையும் திரும்ப மாட்டிவிட்டு
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்தபோதுதான்
புதுக் கார்டின் முதுகோரம் பார்த்தேன்.
ஆறு துளைகள். ஆறும் காலி.
பழையது தனியாக மின்சாரம் கேட்டதில்லை.
இது கேட்கிறது. இத்தனை நேரம்
கூவியது அதைத்தான்.

தகுந்த வயர் பெட்டியிலேயே இருந்தது,
பின்சுவரோடு சுருட்டி, கறுப்புப் பட்டை போட்டு,
இனி வேண்டியிருக்காது என்ற இறுக்கத்தில்.
என் கட்டுதான். வாலை வெட்டாமல் விடும் வழக்கம்
அப்போதே இருந்திருக்கிறது.
மீன் கத்தரியால் நறுக்கினேன்.

பொத்தான்.
ஒரு குறில்.
அவ்வளவுதான். பிறகு விசிறிகளின் மூச்சு,
கறுப்பில் வெள்ளை எழுத்து.

தனித்து நிற்கும் குறிலும் நேர்தான்.
வெண்பாவின் கடைசியில் நேர் மட்டும் நின்றால்
அதற்கு 'நாள்' என்று பெயர்.
பேட்டரி போன நேரத்தில் இது தன் நாளை மறந்திருக்கிறது.
இரண்டாயிரத்துப் பத்து, ஜனவரி ஒன்று என்கிறது
கொஞ்சமும் கூசாமல்.

பாலத்தின் மேல் முதல் ரயில் போகிறது.
அம்புக்குறியைத் தட்டித் தட்டி
வருடங்களை ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.
மேசையில் கைப்பேசி நடுங்குகிறது. ஷாருல்.
இரு தம்பி,
முதலில் தேதியை முடித்துவிடுகிறேன்.