வியன்தியானில் சும்மா

மலிவான டிக்கெட், அதனால்
பத்தொன்பது மணி நேரம் இந்த ஊரில் காய வேண்டும்.
வியன்தியான்.
வியன் என்றால் அகலம் என்று எங்கோ படித்த ஞாபகம்.
அகலமாக இருந்தது ஆறு மட்டும்.
ஊர், செருப்பு சூடேறுவதற்குள் முடிந்துவிடுகிறது.

விமான நிலையத்தில் இருபது டாலரை நீட்டினேன்.
லட்சாதிபதி ஆக்கி வெளியே அனுப்பினார்கள்.
மின்விசிறி அறைக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம்,
ஏசி என்றால் மேலே அறுபது
என்று கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டினார் வியெங்காம்.
விசிறி போதுமென்று விரலைச் சுழற்றினேன்.
அவரும் சுழற்றினார்.
எங்களுக்குள் பேச இருந்தது அவ்வளவுதான்.

சுவரில் ஒரு வரைபடம்,
பார்த்தே தீர வேண்டியவற்றுக்குச் சிவப்பு வட்டங்கள்.
தங்கக் கோபுரத்தைப் பணத்தாளில் பார்த்தாயிற்று.
மற்ற வட்டங்களைப்
படுத்தபடியே மன்னித்தேன்.
விசிறி மூன்று சுற்றுக்கு ஒருமுறை டக் என்றது.
எழுந்தபோது
எந்த ஊர் என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது,
லக்கேஜ் மாதிரி.

தெருமுனைக் குண்டானில் கொழகொழவென்று அரிசி நூடுல்ஸ்.
முப்பதாயிரம்!
என் வாழ்நாளில் முப்பதாயிரத்துக்குச் சாப்பிட்டதில்லை.
மேலே துளசியும் இல்லாத புதினாவும் இல்லாத ஓர் இலை.
பரிமாறிய சிறுமி அதன் பெயரைச் சொன்னாள்.
ஆற்றங்கரை வரைக்கும் நினைவிருந்தது.

மேகோங், சோம்பலில் எனக்கு மூத்தது.
எதிர்க்கரை வேறு நாடு.
அங்கே ஏற்றுகிற விளக்கு
பாஸ்போர்ட் இல்லாமல் இந்தப் பக்கம் வந்து
நெளிகிறது.

திரும்பினால்,
விடுதிக்குப் பின்னால் சரளைத் திடலில்
இரும்புக் குண்டு விளையாட்டு.
வியெங்காமின் கணவர் பூன்செங்.
எதிர்வீட்டு டுக்டுக்காரர் சொம்வாங்.
இன்னும் பேர் தெரியாத நாலைந்து பேர்.
நடுவில் கிடக்கும் சின்ன மரப்பந்துக்கு
யார் குண்டு கிட்டே
என்பது தவிர அந்த நேரத்தில் உலகத்தில் வேறு கேள்வியில்லை.
தோற்றவர் பியர் வாங்க வேண்டும்.

கடைசி ஆட்டத்தில் இரண்டு குண்டும் இழுபறி.
சத்தம் ஏறியது.
பிறகு எல்லோரும் ஒரே சமயத்தில் என்னைப் பார்த்தார்கள்.
மாமனில்லை, மச்சானில்லை,
கொடுக்கல் இல்லை, வாங்கல் இல்லை.
அந்தத் திடலில் என்னைவிட நியாயஸ்தன் யார்?

டேப் எங்கோ தொலைந்திருந்தது.
என் சட்டைப்பையில் காலை விமானத்துக்கு
முன்பே அடித்துத் தந்த போர்டிங் பாஸ்.
மண்டியிட்டேன்.
ஒரு பக்கம் அளந்தேன்,
என் பெயரின் கடைசி எழுத்து வரை வந்தது.
மறுபக்கத்துக்கு
நகர்ந்து இன்னொரு முறை குனிய வேண்டும்.
பகல் பூராவும் படுத்துக் கிடந்த இடுப்பு.
கண்ணாலேயே அளந்து
பூன்செங் என்று கை காட்டினேன்.

சொம்வாங் ஒன்றும் சொல்லவில்லை.
தாள்களை எண்ணி வைத்தார்.
ஒரே கிளாஸ், வட்டமாகச் சுற்றி வந்தது.
ஐஸ் போட்ட முதல் மடக்கை
நீதிபதிக்கு என்று ஒதுக்கினார்கள்.
குடித்தேன். குளிர்ச்சியாகவே இருந்தது.

விடியற்காலை நாலு மணிக்கு
சொம்வாங்கின் வண்டியில்தான் விமான நிலையம்.
கேட்ட கூலியைப் பேரம் பேச வாய் வரவில்லை.
மூடிய கடைகள், எழுந்திருக்க மனமில்லாத ஒரு நாய்,
சிவப்பு சிக்னலில் எங்களைத் தவிர யாருமில்லை.
அவர் நின்றார், பச்சை வரும்வரை.

இறக்கிவிட்டு
என் கையிலிருந்த போர்டிங் பாஸை வாங்கி
ஓரத்துச் செம்மண் கறையை விரலால் தடவினார்.
பிறகு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே
ஓர் அரிசி போகிற இடைவெளி வைத்துக் காட்டி
தன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டார்.
அவர் குண்டு.
எல்லோரும் தூங்கியபின் வந்து அளந்திருக்கிறார்.
சிரித்தார், கியரைப் போட்டார், போய்விட்டார்.

வாயிலில் நின்ற பெண் பாஸை வைத்தாள்.
மெஷின் எடுக்கவில்லை.
மண்ணை ஊதி,
கைக்குட்டையால் துடைத்து,
மறுபடியும் வைத்தாள்.