கம்பவுண்டர் நிரபராதி

அட்டையில் அலறுகிற பெண்ணுக்கு
உதட்டுச் சிவப்பு கன்னத்தில் விழுந்திருக்கிறது.
அச்சு அரை விரற்கடை நகர்ந்த பிழை.
அந்தப் பிழைக்குத்தான்
மார்த்தாண்டம் காயலான் கடையில்
நூற்றைம்பது ரூபாய் கொடுத்தேன்.
என் கண்ணைப் பார்த்துத்தான் விலை சொன்னார் மீரான்பிள்ளை.
வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு சிரித்தார்:
"கிலோ பதினாலு ரூவா சாதனம்.
ஒனக்கென்ன வட்டா பிள்ளே?"

மின்வாரியத்தில் ரீடிங் எடுக்கிறவள் நான்.
திங்கள்சந்தை தாண்டி மண்டைக்காடு வரை
நாய்க்கு மட்டும் பயந்து
எந்த வீட்டுக்குள்ளும் போகலாம்.
ஒரு கண் மீட்டரில்,
ஒரு கண் பரணில்.

அப்படிச் சேர்ந்தவை முப்பத்தேழு.
இராமபாணம் துளைத்தது போக,
இரண்டு பருவமழையும் ஊறியது போக,
பிஸ்கட் டின்னில் வேப்பிலையோடு கிடக்கின்றன.
அதில் பதினொன்றுக்கு ஊதா முத்திரை:
ஸ்டெல்லா வாடகை நூல் நிலையம், குளச்சல்.
நாளொன்றுக்கு ஐந்து பைசா.
பக்கம் மடக்கினால் அபராதம்.

பதினொன்றிலும்
ஒன்பதாம் பக்க ஓரத்தில் ஒரே பென்சில்.
"கொன்றவன் சமையல்காரன்."
"கொன்றது சின்ன எஜமானி."
"கிழட்டு வக்கீல்தான், சந்தேகமே வேண்டாம்."
ழகரத்துக்கு மட்டும்
தூண்டில்முள் மாதிரி ஒரு வால்.

யார் பெற்ற பிள்ளையோ, நன்றாகத் திட்டினேன்.
பிறகு ஒரு கரண்ட் இல்லாத ராத்திரி
மெழுகுவர்த்தியில் வாசித்தால்
சமையல்காரன் அறுபதாம் பக்கத்தில் செத்துப்போகிறான்.
சின்ன எஜமானி அன்றைக்குச் சிங்கப்பூரில்.
வக்கீலுக்கு இரண்டு கையும் விளங்காது.
பதினொன்றும் பொய்.

இப்போது இந்தப் பன்னிரண்டாவது.
'நங்கூரத்தில் ஒரு பிணம்', விலை எட்டணா.
காரைக்குடியில் ஒருவரிடம் கேட்டேன்,
சென்னையில் மூன்று பேரிடம் கேட்டேன்,
வேறு பிரதி இல்லை.
என் பிரதியில் கடைசிப் பதினாறு பக்கம் இல்லை.
துருப்பிடித்த பின் மட்டும்
கொஞ்சம் காகித நாரைக் கவ்விக்கொண்டிருக்கிறது.
சந்தேகத்துக்கு ஐந்து பேர்:
துறைமுக எழுத்தர், விதவை லிடியா,
மருமகன், டாக்டர், கம்பவுண்டர்.
ஒன்பதாம் பக்கத்தில்: "கம்பவுண்டர்."

ஆகவே அவன் நிரபராதி.
உலகத்தில் அது தெரிந்த ஒரே ஆள் நான்
என்று நினைத்திருந்தேன்.

இடவப்பாதி மழை.
மண்டைக்காட்டில், கடலுக்குப் போகிற சந்தில் ஒரு வீடு.
மீட்டருக்குக் கீழே காலண்டர்,
காலண்டரில் பென்சிலில் பால் கணக்கு:
ஞாயிற்றுக்கிழமை அரை லிட்டர் கூடுதல்.
கிழமையின் ழ
என்னைக் கொத்தி இழுத்தது.

எமரன்சியாள், எழுபது தாண்டியிருக்கும்,
சீரியலிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டாள்:
"யூனிட் எத்தன?"
"இருநூத்திப் பத்து.
கம்பவுண்டர் இல்லேண்ணா பின்ன ஆரு?"

டிவி சத்தத்தைக் குறைத்தாள்.
வாசலைப் பார்த்தாள்.
கதவை ஒருச்சாய்த்துவிட்டு வந்து
காதருகே,
"லிடியா" என்றாள்.
முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை.
நான் குடையை விரிக்கும்போது
பின்னாலிருந்து மறுபடியும்:
"லிடியாதான் மோளே. மாதாவாணை."

பஸ் ஸ்டாப்பில் நின்று
லிடியாவையும் அடித்தேன்.
மிச்சம் மூன்று பேர்.
அடுத்த ரீடிங் ஆவணியில்.

பெயர்கள் தீர்வதற்குள்
மனசு இளகி
ஒருமுறை உண்மையைச் சொல்லிவிடுவாளோ என்பதுதான்
இப்போது என் பயம்.